ராணி ஓர்சிலாவுக்குப் பைத்தியம் பிடித்த கதை

"சரி, யாரு சாகறாங்க?" என்று கேட்டார் மானேஜர் ஹார்பக்கல்.

ஐந்து அங்கம், ஏறக்குறைய அத்தனையும் செய்யுள். ஒரு குளிர்காலம் முழுக்கக் கணப்புக்குக் கரி போதாமல் விரல் விறைக்க எழுதியதை மேஜைமேல் வைத்துவிட்டு நின்ற ஹெஸ்டர் பிளைத்துக்குக் கேள்வியே பிடிபடவில்லை. கதை என்ன, எந்த நாடு, எந்தக் காலம் என்று கேட்பார் என்றுதான் வழியெல்லாம் பதில் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள்.

"யாரும் சாகலை ஐயா," என்றாள். "ஆர்மேனியா ராணி ஓர்சிலா. அப்பா விட்டுட்டுப் போன நாட்டைப் புருஷனுக்கு எழுதித் தர மாட்டேங்கறா. அவன் அவளுக்குப் பைத்தியம்னு ஊரெல்லாம் சொல்லிக் கோபுரத்துல பூட்டிடறான். கடைசியில நீதிமான் ஒருத்தர் வந்து, அவ பேச்சை முழுசாக் கேட்டு, கதவைத் திறந்துவிடறார். அவ நடந்து வெளியே போறா."

"நடந்து," என்றார் ஹார்பக்கல், பல்வலிக்காரர் மாதிரி கன்னத்தைத் தடவிக்கொண்டு. லண்டனில் நாடகம் போட அரசர் அனுமதித்த கொட்டகைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று இவருடையது. ஆகவே இவர் வேடிக்கையாகப் பேசினாலும் எதிரே நிற்பவர்கள் சிரிப்பார்கள், பேசாவிட்டாலும் சிரிப்பார்கள். "அம்மணி, அப்ப பச்சைக் கம்பளத்தை நான் என்ன பண்றது?"

"எந்தக் கம்பளம்?"

"அஞ்சாம் அங்கத்துல ரெண்டு ஆளுங்க வந்து மேடையில பச்சைக் கம்பளம் விரிப்பாங்களே, பார்த்ததில்லையா? சாகறவங்க விழுந்து புரளும்போது பட்டு அழுக்காகக் கூடாதில்லையா. கம்பளத்தைக் கண்டதுமே ஜனங்க கைக்குட்டையை எடுத்துடுவாங்க. எடுத்த கைக்குட்டைக்குப் பதில் சொல்லணும் நாம. போன வருஷம் எங்க நடிகர் ஒருத்தருக்கு முதுகுப்பிடிப்பு. நின்னுக்கிட்டே செத்தார். மேல்தட்டு மலிவு டிக்கெட்காரங்க பெஞ்சை உடைச்சுட்டாங்க."

"கம்பளம் விரிக்காம விட்டுடலாமே."

"விரிக்கலைன்னா அது எப்படித் துயர நாடகம் ஆகும்?" அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "தப்பா நினைக்காதீங்க. துயர நாடகம்னா கிரேக்கம் படிச்ச ஆம்பளைங்க சமாசாரம். உங்களுக்குக் கிரேக்க மொழி தெரியாது. தெரியாதில்லையா? நல்ல வேளை."

"எழுதினதைப் படிச்சீங்களா ஐயா?"

"படிக்கறதா? நல்லாக் கேட்டீங்க. பொம்பளை எழுதின துயர நாடகத்தை நான் படிக்கறேன்னு வையுங்க. நல்லா இருந்தா, நீங்க எழுதலைன்னு ஆகுது. மோசமா இருந்தா, நான் எதுக்குப் படிச்சேன்னு ஆகுது. படிக்காம இருந்தாத்தான் ரெண்டு பேருக்கும் மரியாதை. ராணி சாகட்டும். பாக்கியெல்லாம் எனக்குப் பிடிச்சிருக்கு."

ஹெஸ்டர் தாள்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டியவள்தான். போக முடியாத நிலை. வியாபாரிகள் வீட்டுப் பெண்களுக்கு பிரெஞ்சு சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளுகிற அவளுக்குப் புகழும் வேண்டாம், ஒரு புண்ணாக்கும் வேண்டாம். அவளுக்கு வேண்டியது தங்கை லெட்டிஸ்.

லெட்டிஸைக் கட்டிக்கொண்டவன் ஆம்ப்ரோஸ் டக்கெட், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பீர் வடிக்கிற பெரிய மனிதன். அக்கா தங்கை இருவரின் தாய் இறக்கும்போது வீட்டை இளைய மகள் பேருக்கு எழுதி வைத்தாள். டக்கெட் அதை விற்று பீர் காய்ச்ச இன்னொரு கொப்பரை போட ஆசைப்பட்டான். விருந்தாளிகள் உட்கார்ந்திருந்த சாப்பாட்டு மேஜையில், ஆட்டிறைச்சி பரிமாறிக்கொண்டே, லெட்டிஸ் சொன்னாள்: "என் அம்மா வீட்டை நான் தர மாட்டேன். தர மாட்டேன்னு சொல்ற அளவுக்கு எனக்குப் புத்தி இருக்கு." இவ்வளவுதான் அவள் சொன்னது. புத்தி உள்ள பெண் விருந்தாளிகள் முன்னால் இப்படிப் பேசுவாளா என்று டக்கெட் கேட்டான். பேச மாட்டாள் என்று, அவன் பீரைக் குடித்துக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் சொன்னார். மறுநாள் காலையில் வண்டி வந்தது. ஹாக்ஸ்டன் பக்கத்தில் ஒரு தனியார் பைத்திய விடுதி. மாதாமாதம் புருஷன் பணம் கட்டுகிற வரையில் பெண்டாட்டிக்கு அங்கே குணமாகாது.

ஆட்கொணர்வு மனு போடலாம் என்றார் வக்கீல். "ஆனா புருஷன் சொல்லுக்கு எதிரா நீங்க சொல்றதை நீதிபதி காதுல போட்டுக்க மாட்டார். ஊர் பேசினா வேற விஷயம். வசந்த காலத்துல விசாரணை வருது. அதுக்குள்ள ஊரைப் பேச வையுங்க." ஊரைப் பேச வைக்க லண்டனில் அப்போது ஒரே இடம்தான் இருந்தது. அதன் மேஜைக்கு இந்தப் பக்கம்தான் ஹெஸ்டர் நின்றுகொண்டிருந்தாள்.

ராணி செத்தால் சாகட்டும், தெளிந்த புத்தியோடு செத்தால் ஜனங்களுக்கு இன்னும் ஆத்திரம் வரும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். "சாகட்டும் ஐயா," என்றாள்.

அடுத்தது அனுமதி அலுவலகம். அங்கே முத்திரை விழாமல் எந்தக் கொட்டகையிலும் ஒரு வார்த்தை பேச முடியாது. முத்திரைக்கு உரியவர் மிஸ்டர் ஆல்டிங்டன். பொய்முடிக்கு அதிகமாக மாவு போட்டுக்கொள்கிறவர். தலையை ஆட்டும்போதெல்லாம் நாடகத்தின்மேல் வெள்ளையாகக் கொட்டியது. ஆனால் இவர் படித்திருந்தார். அதுதான் வினை.

"அம்மணி, புருஷன் பெண்டாட்டியைப் பூட்டறதுல இந்த அலுவலகத்துக்கு ஆட்சேபணை கிடையாது," என்று ஆரம்பித்தார். "அது எங்கேயும் நடக்கறதுதான். காரணமில்லாம பூட்டறான்னு எழுதியிருக்கீங்களே, அங்கதான் இடிக்குது. குடிகளுக்கு ராஜா எப்படியோ, வீட்டுக்குப் புருஷன் அப்படி. புருஷன் தப்புப் பண்ணலாம்னு இன்னிக்கு ஒத்துக்கிட்டா, ராஜா தப்புப் பண்ணலாம்னு நாளைக்கு ஒத்துக்கணும். நீங்க என்னடான்னா ராஜாவும் புருஷனும் ஒரே ஆள்னு வெச்சிருக்கீங்க. ஒரு துணிச்சல்தான்."

"அவன் பண்ணினது தப்புதானே ஐயா?"

"காரணம் குடுத்துட்டா தப்பு இல்லை."

"என்ன காரணம் குடுக்கறது?"

"அவளுக்கு நிஜமாவே புத்தி பேதலிச்சுட்டது."

ஹெஸ்டர் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவளுக்குப் புத்தி தெளிவா இருக்குன்னு காட்டத்தான் ஐயா இந்த நாடகமே."

"நாடகத்தை யார் வேண்டாம்னாங்க? ராணி இருக்கட்டும், கோபுரம் இருக்கட்டும், அஞ்சு அங்கமும் இருக்கட்டும். புத்தியை மட்டும் எடுத்துடுங்க." அவர் பேனாவை மையில் தோய்த்தார். "குடும்பம்னா என்னன்னு தெரிஞ்சுதான் பேசறேன். என் வீட்டம்மா எத்தனையோ வருஷமா என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. கலியாணம் ஆன புதுசுல ஏதோ பேசுவா. அப்புறம் எதுவுமே பேசறதில்லை. அப்படி ஒரு நிம்மதியான வீடு என்னோடது."

பிறகு அவர் வேலையில் இறங்கினார். 'நியாயம்' என்ற சொல் வந்த இடத்தில் எல்லாம் அடித்துவிட்டு 'விதி' என்று எழுதினார். "எனக்கு நியாயம் வேண்டும்" என்று கெஞ்சிய ராணி "எனக்கு விதி வேண்டும்" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. நீதிமான் பாத்திரத்தை மொத்தமாகத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் ராஜா தன் பொறுமையைப் பற்றித் தானே புலம்பும் நீண்ட செய்யுள் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். ராஜா கதவைப் பூட்டும்போது கண்ணீர் விட வேண்டும். அழுதுகொண்டே பூட்டினால் அது கொடுமை ஆகாதாம்.

லெட்டிஸ் சொன்ன இரண்டு வரியும், அம்மா வீடு அப்பா நாடு ஆனதைத் தவிர, நாலாம் அங்கத்தில் அப்படியே இருந்தன, செய்யுளாகக்கூட ஆக்காமல். ஆல்டிங்டன் அங்கே வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

"'எனக்குப் புத்தி இருக்கு'," என்று சத்தமாகப் படித்தார். "அடடா. புத்தி கெட்டவங்க இதைத்தான் முதல்ல சொல்லுவாங்க. தத்ரூபம் அம்மணி. இதை மட்டும் எடுத்துடாதீங்க."

வெளியே வந்து தேம்ஸ் கரையில் வெகுநேரம் நின்றாள் ஹெஸ்டர். தாள்களை ஆற்றில் வீசிவிடலாம்தான். வீசினால் லெட்டிஸ் எப்படி வெளியே வருவாள்? அந்த இரண்டு வரி மேடையேறினால் போதும், காது உள்ளவன் கேட்பான் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ராஜாவின் பொறுமையைப் பற்றி நூறு வரி எழுதினாள். எழுதிய கையை அன்றைக்கு அவள் வெறுத்தாள்.

ஒத்திகையில் மிசஸ் டிரஸ்காட் காத்திருந்தார். ராணிக்கு இருபத்திரண்டு வயது. மிசஸ் டிரஸ்காட்டுக்குப் பேத்திகள் இருந்தார்கள். ஆனால் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு: ஒருவகை வேஷத்தை ஒரு தடவை போட்டு ஜெயித்தவர்களுக்கு அந்த வகை வேஷமெல்லாம் சாகும்வரை சொந்தம்.

"ராணிங்க எல்லாம் என்னோடது கண்ணு," என்றார் மிசஸ் டிரஸ்காட். "உன் ராணியை நீ எழுதறதுக்கு முந்தியே அவ என்னோடது. பைத்தியம் பிடிக்கற ராணிங்க இன்னும் விசேஷமா என்னோடது. எனக்குச் சிரிக்கற பைத்தியம் வரும், பாடற பைத்தியம் வரும், வெறிச்சுப் பார்க்கற பைத்தியம் வரும். நீ புதுசு, அதனால உனக்கு மூணும் சேர்த்துப் போடறேன்."

"ஒரே ஒரு உதவி பண்ணுங்கம்மா," என்றாள் ஹெஸ்டர். "அந்த ரெண்டு வரியை மட்டும் சாதாரணமா சொல்லுங்க. சாப்பாடு பரிமாறிக்கிட்டே சொல்ற மாதிரி."

"சாதாரணமாவா?" மிசஸ் டிரஸ்காட்டுக்கு நிஜமாகவே அதிர்ச்சி. "சாதாரணமா பேசறதைக் கேட்கவா ஜனங்க இந்தக் குளிர்ல வர்றாங்க? அதை அவங்க வீட்டுலயே பேசிக்க மாட்டாங்களா? போ கண்ணு, போய் உட்காரு. எழுதினவங்க கூட இருந்தா எனக்கு அழுகை வராது."

தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு, அதில் வைக்கோல் செருகிக்கொண்டு, "தர மாட்டேன்" என்பதை ஒரு பாட்டாகவும் "புத்தி இருக்கு" என்பதை ஒரு சிரிப்பாகவும் அவர் செய்து காட்டினார். மேடைத் தச்சர்கள் கைதட்டினார்கள். ஹார்பக்கல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தங்கம்," என்றார்.

முதல் நாள் கொட்டகை நிரம்பி வழிந்தது. பச்சைக் கம்பளம் விரித்தார்கள். எல்லாக் கைக்குட்டைகளும் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. ராணி விஷம் குடித்துக் கம்பளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை புரண்டாள். அது போதாமல் திரும்பியும் புரண்டாள். "என் பைத்தியத்தை மன்னித்துவிடுங்கள்" என்று ராஜாவின் காலைத் தொட்டுவிட்டுச் செத்தாள். ராஜா மன்னித்தார். தரைப் பெஞ்சில் ஹெஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கசாப்புக்காரர் தேம்பித் தேம்பி அழுதார்.

"யாருக்காக அழறீங்க?" என்று கேட்டாள் ஹெஸ்டர்.

"அந்த மனுஷனுக்காகத்தான்மா. இப்படி ஒருத்தியை வெச்சுக்கிட்டு எவ்வளவு பொறுமை பாருங்க."

அழுகை அடங்கவில்லை. அதற்குள் செத்துக் கிடந்த ராணி எழுந்து, வைக்கோலைத் தட்டிவிட்டு, மேடையின் முன்விளிம்புக்கு வந்து பல்லைக் காட்டினாள். இது பின்னுரை. துயர நாடகம் பார்த்தவர்கள் துயரத்தோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்பதற்காக, கடைசியாகச் செத்தவரே எழுந்து வேடிக்கைப் பேச்சு பேசி அனுப்புவது வழக்கம். பெண் எழுதிய நாடகத்தின் பின்னுரையைப் பெண் எழுதக் கூடாது என்பதும் வழக்கம். யாரோ ஒரு கனவான் எழுதியிருந்தார். பூட்டு எதற்கு, நாக்குக்கா கதவுக்கா என்று ராணி கேட்டாள். புருஷன்மார்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெண்டாட்டிமார்களும் சிரித்தார்கள், பக்கத்தில் புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு. தங்கையை நடுவீதியில் கொண்டுவந்து நிறுத்தி எல்லோரும் கல்லெறிய, கல்லைப் பொறுக்கிக் கொடுத்ததே தான்தான் என்று ஹெஸ்டருக்குத் தோன்றியது.

மேடைக்குப் பின்னால் நடையில் டக்கெட் அவளைப் பிடித்தான். மாடத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மதினி," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க என்னைத் தப்பா நினைக்கறீங்கன்னு இத்தனை நாளா நினைச்சிருந்தேன். என் மனசை இவ்வளவு புரிஞ்சுக்கிட்டது நீங்க ஒருத்தர்தான். அந்தப் பூட்டற இடம் இருக்கே. நானும் அப்படித்தான் அழுதேன்."

"நீங்க அழலை. ஆட்டுக்கறி சாப்பிட்டீங்க," என்றாள் ஹெஸ்டர்.

"உள்ளுக்குள்ள அழுதேன் மதினி."

வசந்த காலம் வந்தது, விசாரணையும் வந்தது. ஊர் பேசாமல் இல்லை. ஊர் வேறு எதையும் பேசவில்லை. வக்கீல் எழுந்து வாயைத் திறப்பதற்குள் நீதிபதி கையை உயர்த்தினார்.

"இந்த விஷயத்தை நான் நல்லாவே ஆராய்ஞ்சிருக்கேன். மூணு தடவை பார்த்தேன். மூணாவது தடவை என் வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். மனுதாரரே அந்த நாடகத்தை எழுதினவங்கன்னு கேள்விப்பட்டேன். உண்மையா?"

"உண்மைதான் ஐயா. ஆனா..."

"தங்கச்சிக்குப் புத்தி தெளிவா இருக்குன்னு மனுவுல சொல்றீங்க. தங்கச்சியோட சொந்த வார்த்தையை வெச்சு, வைக்கோல் செருகின ஒரு பைத்தியத்தை நீங்களே எழுதி, ஊருக்கெல்லாம் காட்டியிருக்கீங்க. கூடப் பிறந்தவங்க சாட்சியை விட நல்ல சாட்சி ஏது? நான் அழுதுட்டேன் அம்மணி. நீதிபதியை அழ வெச்சுட்டு அப்புறம் வந்து அது பொய்யின்னு சொன்னா எப்படி?" அவர் உண்மையிலேயே மனம் நொந்து போயிருந்தார். "மனு தள்ளுபடி. புருஷன் பொறுமையா இருப்பாராக."

அன்று சாயங்காலம் ஹெஸ்டர் கொட்டகைக்குப் போனாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. ராணி செத்து, ராஜா மன்னித்து, மிசஸ் டிரஸ்காட் எழுந்து வைக்கோலைத் தட்டும் நேரத்தில், மேடை ஓரத்தில் நின்றிருந்த ஹெஸ்டர் நேராக நடந்து மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்கு வந்துவிட்டாள். மிசஸ் டிரஸ்காட்டுக்கு இப்படி ஒரு சங்கடம் இதுவரை வந்ததில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி செத்துப் படுத்துக்கொண்டார்.

"இந்த ராணி பேர் ஓர்சிலா இல்லை," என்றாள் ஹெஸ்டர். "லெட்டிஸ் டக்கெட். ஊர் ஆர்மேனியா இல்லை, ஹாக்ஸ்டன். ராஜா சாகலை, அதோ மாடத்துல உட்கார்ந்திருக்கார். அவர் பீர் வடிக்கறார்."

கொட்டகை கூரை அதிரச் சிரித்தது.

"சிரிக்காதீங்க. அவளுக்குப் பைத்தியம் இல்லை. வீட்டைத் தர மாட்டேன்னு சொன்னா, அவ்வளவுதான். இவர் அவளைப் பூட்டிட்டார். அவளைத் திறந்துவிட மாட்டேன்னு நீதிபதி இன்னிக்குக் காலையில சொல்லிட்டார், நாடகம் நல்லா இருந்துதாம்."

காலால் தரையை உதைத்துச் சிரித்தார்கள். ஒரு பெண்மணிக்கு விக்கல் எடுத்துவிட்டது. மாடத்தில் டக்கெட் எழுந்து, "பொய்," என்று கத்தினான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அவனையும் நடிகன் என்று நினைத்துவிட்டார்கள். "இன்னொரு தரம்" என்று மேல்தட்டிலிருந்து குரல் வந்தது. ஹெஸ்டர் அழுதுகொண்டே இன்னொரு தரம் சொன்னாள்.

"ஏன் இதை முதல்லயே சொல்லலை?" என்றார் ஹார்பக்கல், அவளைக் கட்டிக்கொள்ளாத குறையாக. "வேடிக்கை எழுதறவங்க நீங்க, போய்த் துயர நாடகத்துல மெனக்கெட்டீங்களே. தினமும் சொல்லுங்க. அந்த அழுகையை மட்டும் விட்டுடாதீங்க."

தினமும் சொன்னாள். அழுகையைத் தனியாக வரவழைக்க வேண்டியிருக்கவில்லை. டக்கெட் அனுமதி அலுவலகத்துக்கு ஓடினான். ஆல்டிங்டன் பொறுமையாகக் கேட்டார்.

"ஜனங்க அழுதாங்களா, சிரிச்சாங்களா?"

"சிரிக்கறாங்க ஐயா. தினமும் சிரிக்கறாங்க."

"அப்ப அந்த அம்மா ஒண்ணும் சொல்லலைன்னு அர்த்தம். ஜனங்க அழுதாலோ சும்மா இருந்தாலோ ஏதோ விஷயம் இருக்குன்னு நான் பார்க்கணும். சிரிச்சா விஷயம் இல்லை. துயர நாடகத்துலதான் புருஷன் உத்தமனா இருக்கணும். வேடிக்கையில எவ்வளவு அயோக்கியனா வேணும்னாலும் இருக்கலாம், விதி அப்படி." பிறகு அன்போடு சேர்த்துக்கொண்டார்: "நானும் போன வாரம் பார்த்தேன். நீங்க எழுந்து 'பொய்'னு கத்தற இடம் பிரமாதம்."

கண்ணீர் திறக்காத கதவைச் சிரிப்பு திறந்தது. சாராயக்கடைகளில் "ஒரு கோப்பை டக்கெட் குடு, பூட்டிக் குடு" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வியாபாரிகள் கூடும் இடத்தில் அவன் போனால் கையில் சாவியைத் திருகுவதுபோல் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். ஒருநாள் காலை டக்கெட் ஹெஸ்டரின் அறைக்கு வந்து, உட்காராமலே பேசினான்.

"கூட்டிட்டுப் போய்த் தொலைங்க அவளை. அந்தப் பேச்சு இன்னியோட நிக்கணும்."

"அவளுக்குப் புத்தி சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு, ஆயிடுச்சு. நேத்து சாயங்காலம் ஆயிடுச்சு." வாசல்வரை போனவன் திரும்பினான். "அவ இன்னும் என் பெண்டாட்டிதான், ஞாபகம் இருக்கட்டும். ஒரு வார்த்தை வெளியில வந்தாலும் மறுபடி வண்டி வரும். இந்தத் தடவை யார்க்ஷயருக்கு. அங்கே கொட்டகை கிடையாது."

லெட்டிஸ் வந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மணிக்கட்டு இரண்டிலும் தோல் உரிந்து காய்த்திருந்தது. கதவு திறந்திருந்தாலும் யாராவது சொல்லாமல் அறையைவிட்டு வெளியே வர மாட்டாள். ரொட்டியைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள். சில நாள் கழித்துத்தான் கேட்டாள்.

"யாரு அக்கா என்னை நம்பினாங்க? நீதிபதியா?"

"இல்லைடி."

"அப்புறம் எப்படி விட்டான்?"

ஹெஸ்டர் சொல்லாமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. கம்பளம், வைக்கோல், பின்னுரை எல்லாவற்றையும் சொன்னாள். "நீ சொன்னதைத்தான் சொன்னேன். ஊரே சிரிச்சுது. அவனால அதைத் தாங்க முடியலை."

"நான் சொன்னதுக்கா சிரிச்சாங்க?"

"ஆமா."

லெட்டிஸ் ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "என்னைக் கூட்டிட்டுப் போ."

"வேண்டாம்டி. ஒரு வார்த்தை பேசினாலும் யார்க்ஷயர்னு சொல்லியிருக்கான். பேச்சை நிறுத்திட்டேன்னு தெரிஞ்சு இப்ப மறுபடி தினமும் வந்து மாடத்துல உட்கார்ந்து அழறானாம்."

"அழறானா? அதுக்குத்தான் போகணும்."

அன்றைக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். டக்கெட் மாடத்தில் கைக்குட்டையோடு. எதிர் மாடத்தில் நீதிபதி, தன் வீட்டம்மாவும் அவளுடைய சிநேகிதிகளும் புடைசூழ. ஆல்டிங்டன், அனுமதி அலுவலகத்துக்கென்று இலவசமாக ஒதுக்கிய ஆசனத்தில். ராணி செத்ததும் லெட்டிஸ் மேடைக்கு வந்தாள். அக்காவின் பழைய சாம்பல் நிற உடை. தொப்பி இல்லை, வெட்டிய தலை அப்படியே தெரிந்தது. வேடிக்கைப் பேச்சு திரும்பி வந்துவிட்டது என்று கொட்டகை முதலில் சிரிக்கத் தயாரானது.

"நான்தான் லெட்டிஸ் டக்கெட்," என்றாள். மெதுவாக, சாதாரணமாக, தட்டைக் கையில் கொடுப்பவள் போல. "என் அம்மா வீட்டை நான் தர மாட்டேன்னு சொன்னேன். தர மாட்டேன்னு சொல்ற அளவுக்கு எனக்குப் புத்தி இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை.

"வைக்கோல் நெஜம்தான்," என்றாள். "தலையில இல்லை. அதுமேல படுக்கணும். அங்கே என்னை மாதிரி இன்னும் பதினோரு பேர் இருக்காங்க. அவங்க பேரைச் சொல்றேன். புருஷன் பேரையும் சொல்றேன். அந்தப் புருஷங்கள்ல சில பேர் இங்கே உட்கார்ந்திருக்காங்க."

மாடங்களில் பட்டு சரசரத்தது. "பார்த்தீங்களா, பைத்தியம்னு நான் சொன்னேனே," என்று டக்கெட் சுற்றுமுற்றும் பார்த்துக் கத்தினான். ஒருவரும் அவன் பக்கம் திரும்பவில்லை. லெட்டிஸ் முதல் பெயரைச் சொன்னாள். நீதிபதி தொப்பியை எடுத்துக்கொண்டு அவசரமாக எழுந்து போனார். போக வேண்டிய அவசரம் என்ன என்பது மூன்றாவது பெயரில் தெரிந்தது. அது அவருடைய தம்பி பெண்டாட்டி.

"யாரும் சிரிக்கலையே," என்று ஆல்டிங்டன் ஆசனத்திலிருந்து எழுந்துவிட்டார். "ஹார்பக்கல், இது வேடிக்கை இல்லை. இதுக்கு அனுமதி வாங்கலை. உடனே நிறுத்துங்க."

"எப்படி ஐயா நிறுத்தறது? அவங்க எனக்கு வேலை பார்க்கறவங்க இல்லையே."

"விளக்கை அணைச்சுத் தொலையுங்க."

டக்கெட்டின் ஆட்கள் இரண்டு பேர் மேடை ஓரத்துப் படிக்கு வந்தார்கள். ஆரஞ்சு விற்கிற பெண்ணொருத்தி கூடையைக் கீழே வைத்துவிட்டுப் படியில் ஏறி அவர்களுக்கு முன்னால் நின்றாள். பிறகு தரைப் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். புருஷன் கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. பிறகு வைக்கோலோடும் விரிந்த தலையோடும் மிசஸ் டிரஸ்காட், பச்சைக் கம்பளத்திலிருந்து எழுந்து போய், தன் பெருத்த உடம்போடு வழியை அடைத்துக்கொண்டார். "என் மேடை," என்றார் அந்த ஆட்களிடம். "இறங்குங்கடா."

கொட்டகையில் மெழுகுவர்த்திகள் ஏராளம். ஒவ்வொன்றாகத்தான் அணைக்க முடியும். விளக்குக்காரர் நீளக் கம்போடு ஒரு கோடியிலிருந்து ஆரம்பித்தார். லெட்டிஸ் அவசரப்படவில்லை. ஐந்தாவது பெயரைச் சொன்னாள், ஆறாவதைச் சொன்னாள். ஒரு பெயரில் மேல்தட்டிலிருந்து "அது எங்க அக்கா" என்று யாரோ சொன்னார்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை லெட்டிஸ் காத்திருந்தாள். மேடை இருட்டாகி, மாடங்கள் இருட்டாகி, கடைசி மெழுகுவர்த்தியும் அணைந்தது. பக்கத்தில் இருப்பவர் முகம்கூடத் தெரியாத இருட்டில் அவள் பேசிக்கொண்டிருந்தாள். யாரும் எழுந்து போகவில்லை.